பம்பிள்பீ: தக்காளிப் பூவை உலுக்கும் தேனீயும் நம் தோட்டமும்

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களிடம் இப்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது: ‘பம்பிள்பீ பெட்டி எங்கே கிடைக்கும்?’ கேட்கிறவர் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பசுமைக்குடில் வீடியோவைப் பார்த்திருப்பார். அட்டைப் பெட்டியைத் திறந்துவிட்டதும் உடம்பெல்லாம் மயிர் மூடிய குண்டுத் தேனீக்கள் வெளியே வந்து, தக்காளிப் பூவில் தொற்றிக்கொண்டு ரீங்கரிக்கும். கீழே விளைச்சல் எகிறிவிட்டது என்று எழுதியிருக்கும். பார்த்தவருக்கு ஆசை வருவது இயல்புதான். ஆனால் அந்தப் பூவுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் நிறையத் தேன் தரும் தேனீதான் மகரந்தச் சேர்க்கையையும் நன்றாகச் செய்யும் என்கிறார் ஒருவர். எங்கள் வீட்டு உத்தரத்தில் ஓட்டை போடும் கருவண்டுதான் பம்பிள்பீ என்கிறார் இன்னொருவர். ஒரு பெட்டி வைத்துவிட்டால் வாழை முதல் மரச்சீனி வரை எல்லாமே கூடுதலாக விளையும் என்று நம்புகிறவரும் உண்டு. மூன்றுமே தவறு. எங்கே தவறு என்று அடிப்படையிலிருந்து பார்த்துக்கொண்டு வருவோம்.

## தேன் ஒரு கணக்கு, காய் வேறு கணக்கு

குமரி மாவட்டத்துக்குத் தேன் புதிதல்ல. மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்தத் தேனில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? ரப்பர் தோட்டங்களிலிருந்து. ரப்பர் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில் இனிப்பு நீர் சுரக்கும். தை மாசியில் ஒரு தளிரைப் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள், அந்த இடம் பளபளவென்று ஈரமாக இருக்கும், விரலால் தொட்டால் ஒட்டும். தேனீ அதைத்தான் உறிஞ்சிக்கொண்டு போகிறது. அங்கே பூவுக்கு வேலையே இல்லை. அதாவது ரப்பர் தேன் பெட்டி பெட்டியாக நிறைந்தாலும், அந்தத் தேனை எடுத்த வேலையால் ஒரு காய்கூடப் பிடித்திருக்காது.

பூவின் ஆண் பகுதியில் உண்டாகும் தூள்தான் மகரந்தம். அது பெண் பகுதியின் நுனியான சூல்முடியில் போய் ஒட்டினால் காய் பிடிக்கும். இப்படிப் போய் ஒட்டுவதைத்தான் மகரந்தச் சேர்க்கை என்கிறோம். காற்று, பூச்சி, வவ்வால், மனிதக் கை என்று எது கொண்டுபோய்ச் சேர்த்தாலும் செடிக்கு ஒன்றுதான்.

இதுவும் எல்லாப் பயிருக்கும் வேண்டியதில்லை. மட்டி, செந்துளுவன், நேந்திரன் என்று நாம் சாப்பிடும் வாழையெல்லாம் மகரந்தம் படாமலேயே காய்ப்பவை, விதையில்லாமல் இருப்பதும் அதனால்தான். மரச்சீனியில் நமக்கு வேண்டியது கிழங்கு, நடுவது கம்பு, நடுவில் பூவுக்கு இடமே இல்லை. நெல்லுக்குப் பூச்சி வேண்டாம். தென்னைக்குக் காற்றும் உதவும், தேனீயும் உதவும். ஆக மாவட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் பச்சையில் பெரும்பகுதிக்கு பம்பிள்பீ வந்து செய்ய ஒன்றும் இல்லை. காய்கறிக்கு வந்தால்தான் கதை மாறுகிறது, அதிலும் எல்லாக் காய்கறிக்கும் அல்ல.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: தேன் எடுப்பது வேறு, காய் பிடிக்க வைப்பது வேறு. பம்பிள்பீயைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இரண்டாவது வேலைக்காகத்தான் வாங்குகிறார்கள். அது சேமிக்கும் தேன் அந்தக் கூட்டுக்கே ஒரு சில நாளைக்குத்தான் போதும், நமக்கு எடுக்க எதுவும் மிஞ்சாது.

## பவுடர் டப்பா மாதிரி ஒரு பூ

முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவைத் தலைகீழாகப் பிடியுங்கள். மேலே நாலைந்து சின்ன ஓட்டைதான் இருக்கும். சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் தூள் விழாது, குலுக்கினால்தான் விழும். தக்காளிப் பூவும் கத்தரிப் பூவும் அப்படித்தான்.

பெரும்பாலான பூக்களில் மகரந்தத்தை வைத்திருக்கும் பை முற்றியதும் நீளவாக்கில் வெடித்துத் தூளை வெளியே காட்டிவிடும். பூசணிப் பூவில் கை வைத்தாலே மஞ்சள் ஒட்டுகிறதே, அது இப்படி வெளியே வந்து கிடக்கும் மகரந்தம். தக்காளியில் அப்படி இல்லை. ஐந்தாறு மகரந்தப்பைகள் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி ஒரு மஞ்சள் கூம்பாக நிற்கும், சூல்முடியும் அந்தக் கூம்புக்குள்ளேயே இருக்கும், தூள் வெளியேற வேண்டுமானால் நுனி வழியாகத்தான். வழுதலங்காய் என்று நாம் சொல்லும் கத்தரியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஊதா இதழுக்கு நடுவே நிற்கும் மஞ்சள் பைகள் ஒவ்வொன்றின் உச்சியிலும் குண்டூசியால் குத்தியது போல இரண்டு துளைகள். காலை வெயில் ஏறிய பிறகு, நன்றாக விரிந்த ஒரு பூவுக்குக் கீழே கைபேசியின் கறுத்த திரையைப் பிடித்துக்கொண்டு பூக்காம்பை நகத்தால் சுண்டிப் பாருங்கள். திரையில் வெளிர் மஞ்சளாக மெல்லிய தூள் விழும். அதுதான் மகரந்தம், நீங்கள் இப்போது செய்ததுதான் பம்பிள்பீ செய்யும் வேலை.

இப்படிப் பூட்டி வைத்திருக்கும் பூ உலகத்தில் ஏதோ ஒன்றிரண்டு இல்லை, ஏறத்தாழ 20,000 தாவர இனங்களில் இருக்கிறது. ஏன் பூட்ட வேண்டும்? தக்காளிப் பூவில் தேன் கிடையாது. வருகிற பூச்சிக்குக் கூலியாகக் கொடுக்க இருப்பது மகரந்தம் மட்டும். திறந்து வைத்தால் முதலில் வருகிற ஒன்றே மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும், அதனால் செடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது.

## பம்பிள்பீ எப்படிக் குலுக்குகிறது

தக்காளிப் பூவின் மஞ்சள் கூம்பைத் தாடையால் கவ்விப் பிடித்து, உடம்பை வளைத்து அதைக் கட்டிக்கொண்டு தொங்கும். அப்புறம் இறக்கையை விரிக்காமல், பறப்பதற்கான மார்புத் தசைகளை மட்டும் நொடிக்கு 200 முதல் 400 முறை வரை அதிரச் செய்யும். அந்த அதிர்வு தாடை வழியாகவும் உடம்பு வழியாகவும் கூம்புக்குள் இறங்கும், தூள் நுனி வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வந்து வயிற்று மயிரில் படியும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரத்தைவிட இந்தச் சத்தம் சுருதி கூடியதாக இருக்கும், பக்கத்தில் நின்றால் காதாலேயே பிரித்து அறியலாம். தேனீ அந்தத் தூளைக் காலால் வாரிப் பின்காலில் உருட்டி வைத்துக்கொள்ளும். மிச்சம் சூல்முடியில் விழுந்துவிடும். இதற்குப் பெயர் அதிர்வு மகரந்தச் சேர்க்கை.

கவ்விய இடத்தில் கூம்பு சற்று நேரத்தில் பழுப்பாகும். பசுமைக்குடிலில் வேலை செய்கிறவர்கள் தேனீயைத் தேடிக்கொண்டு நிற்பதில்லை, பூக்களைப் பார்த்து எத்தனை பூவில் இந்தப் பழுப்புக் கடித்தடம் இருக்கிறது என்று எண்ணுவார்கள். தடம் குறைந்தால் பெட்டி ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நம் பெட்டியில் இருக்கும் அடுக்குத் தேனீக்கும் இத்தாலியத் தேனீக்கும் இந்த வித்தை வராது. தக்காளித் தோட்டத்து வரப்பில் பெட்டி வைத்தாலும் அவை தேன் இருக்கிற வேறு பூவைத் தேடிப் போய்விடும். அது தேனீயின் குறையில்லை. பாகல், பூசணி, வெள்ளரிப் பந்தலில் அதே தேனீ பிரமாதமாக வேலை செய்யும். எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி என்று பொருத்தம் பார்க்காமல் ‘நல்ல தேனீ, கெட்ட தேனீ’ என்று பேசுவதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

முக்கியமான ஒரு விஷயம் இங்கே விட்டுப்போகக் கூடாது. தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், இன்னொரு செடியிலிருந்து வர வேண்டியதில்லை. பூ குலுங்கினால் போதும். திறந்தவெளியில் காற்றே பாதி வேலையை முடித்துவிடும், ஆரல்வாய்மொழி பக்கம் ஆடிக்காற்றில் நிற்கும் செடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் கண்ணாடியோ பாலித்தீனோ போட்டு மூடிய குடிலுக்குள் காற்றும் கிடையாது, வெளிப்பூச்சியும் கிடையாது. அந்த மூடிய இடத்தில்தான் பம்பிள்பீ தேவைப்பட்டது.

சுருக்கினால், தக்காளி மகரந்தம் குலுக்கினால்தான் வரும், வெளியே காற்று குலுக்கும், மூடிய குடிலில் யாராவது குலுக்க வேண்டும்.

## பெட்டிக்குள் யார் இருக்கிறார்கள்

1980களின் நடுப்பகுதி வரை ஐரோப்பியப் பசுமைக்குடில்களில் ஆட்கள்தான் குலுக்கினார்கள். அதிரும் மின்கோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பூங்கொத்தாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும், அதுவும் வாரத்தில் பல தடவை. பெல்ஜியத்தைச் சேர்ந்த ரோலான்ட் தெ யோங்கே என்ற கால்நடை மருத்துவர் 1985இல் பம்பிள்பீ கூட்டைத் தக்காளிக் குடிலுக்குள் வைத்துப் பார்த்தார். அது மனிதக் கையைவிட நன்றாகச் செய்தது. 1987இல் அவர் தொடங்கிய பயோபெஸ்ட் நிறுவனம் கூடுகளை வளர்த்து விற்க ஆரம்பித்தது, அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் கொப்பர்ட்டும் இறங்கியது. சில ஆண்டுகளுக்குள் அந்த நாடுகளில் மின்கோல் காணாமல் போனது.

பம்பிள்பீயில் உலகம் முழுக்க 250க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வியாபாரத்துக்கு வளர்ப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத்தான். ஐரோப்பாவின் பாம்பஸ் டெரஸ்ட்ரிஸ்தான் பெரிய ஆள், வீடியோக்களில் பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது அதைத்தான்: கறுப்பு உடம்பு, இரண்டு மஞ்சள் பட்டை, வால் வெள்ளை. வட அமெரிக்காவில் பாம்பஸ் இம்பேஷியன்ஸ். ஜப்பானில் உள்ளூர் இனமான பாம்பஸ் இக்னைட்டஸும் வளர்க்கப்படுகிறது. ஏன் இத்தனை குறைவு என்றால், எல்லா இனமும் அடைத்து வைத்தால் கூடு கட்டாது, கட்டினாலும் கூட்டம் பெருகாது. டெரஸ்ட்ரிஸ் அடைப்புக்குப் பழகும், கூட்டில் பல நூறு வேலைக்காரத் தேனீக்கள் வரை பெருகும்.

இந்தக் கூடு நம் தேனீப் பெட்டி மாதிரி ஆண்டுக்கணக்கில் ஓடாது. இயற்கையில் ஒரு அரசி குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தனியே தூங்கி, வசந்தத்தில் எழுந்து, தானே கூடு கட்டி, தானே இரை தேடி முதல் குஞ்சுகளை வளர்க்கும். கோடை முடிவில் புது அரசிகள் பிறந்து வெளியேறியதும் பழைய கூடு செத்துவிடும். வளர்ப்பவர்கள் அரசியைக் குளிரறையில் வைத்துத் தூங்கச் செய்து, வேண்டியபோது எழுப்பி, ஆண்டு முழுக்கக் கூடு கிடைக்கும்படி செய்கிறார்கள். வாங்குகிறவருக்கு வருவது ஒரு அரசி, சில பத்து வேலைக்காரத் தேனீக்கள், அடியில் ஒரு பை சர்க்கரைக் கரைசல். தக்காளியில் தேன் இல்லையே, அதனால் சாப்பாடும் சேர்த்தே வருகிறது. இரண்டு மூன்று மாதத்தில் பெட்டி ஓய்ந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும். ‘ஒரு தடவை வாங்கி வைத்தால் பெருகிக்கொண்டே போகும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

## ஏன் இறக்குமதி செய்து விடக்கூடாது

பெருகினால் இன்னும் மோசம். ஜப்பான் 1990களில் டெரஸ்ட்ரிஸை இறக்குமதி செய்தது. குடிலிலிருந்து தப்பியவை 1996இல் ஹொக்கைடோவில் காட்டுக் கூடே கட்டிவிட்டன. உள்ளூர் பம்பிள்பீயின் கூட்டிடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டதால் 2006இல் அதை ஆக்கிரமிப்பு இனம் என்று அறிவித்து, அனுமதியும் வலையும் இல்லாமல் வளர்க்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். சிலியில் 1990களின் இறுதியில் கொண்டுவந்தது மலையைத் தாண்டி 2006இல் அர்ஜென்டினாவுக்குள் பரவியது. அங்கே இருந்த பாம்பஸ் டால்போமி, உலகத்தின் மிகப் பெரிய பம்பிள்பீக்களில் ஒன்று, பொன்னிற மயிர் போர்த்த அழகான உயிர், பல இடங்களிலிருந்து மறைந்தே போனது. அதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. அமெரிக்காவில் பாம்பஸ் ஆக்ஸிடென்டாலிஸ் என்ற மேற்குக்கரை இனத்தை வளர்த்து விற்ற தொழில், 1990களின் இறுதியில் நோசிமா என்ற குடல்நோய் புகுந்து நொறுங்கியது.

நோய் என்பதை நம்மூர்த் தேனீ வளர்ப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1991-92 வாக்கில் தாய்லாந்து சேக்புரூட் என்ற தேனீப் புழு வைரஸ் வந்தபோது அடுக்குத் தேனீப் புழுக்கள் பை பையாகச் செத்து, தென்னிந்தியா முழுக்கப் பெட்டிகள் காலியாயின. பெட்டித் தேனை நம்பியிருந்த குமரிக் குடும்பங்கள் அதிலிருந்து எழுந்து வர வருடங்கள் ஆயின. அந்த நோய்க்கும் பம்பிள்பீக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பூச்சி நோய் எவ்வளவு வேகமாக ஊரைத் தாண்டும் என்பதைக் கண்ணால் பார்த்த மாவட்டம் இது. உயிருள்ள பூச்சியை அரசு அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுவரவும் சட்டத்தில் இடமில்லை. யாராவது இணையத்தில் வெளிநாட்டு பம்பிள்பீ கூடு விற்கிறேன் என்றால் விலகிவிடுங்கள்.

இந்தியாவில் பம்பிள்பீயே இல்லையா என்றால், இருக்கிறது. இமயமலைப் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. இமாசலத்தில் சோலன் அருகே நௌனியில் உள்ள தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்தில், அங்குள்ள பாம்பஸ் ஹெமராய்டாலிஸை வளர்த்துக் குடில் பயிரில் விட்டு ஆய்வு செய்திருக்கிறார்கள். தென்னிந்தியாவில் இயல்பாக எதுவும் கிடையாது, ஊட்டிக் குளிரிலும் இல்லை. இது குளிருக்குப் பிறந்த பூச்சி. பத்து டிகிரிக்குக் கீழேயும் அது இரை தேடிப் பறக்கும், அந்த மயிர்ப் போர்வை அதற்குத்தான். 30 டிகிரி தாண்டினால் வேலைக்காரத் தேனீக்கள் பூவுக்குப் போவதை விட்டுவிட்டுக் கூட்டுக்குள் நின்று இறக்கையால் விசிற ஆரம்பித்துவிடும். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பாலித்தீன் குடிலுக்குள் மதியம் நுழைந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம்.

## உத்தரத்தில் ஓட்டை போடுவது யார்

அது கருவண்டு, தச்சுத் தேனீ என்றும் சொல்வார்கள். காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் விரல் நுழைகிற அளவுக்கு வட்டமாகத் துளை போடும், துளைக்கு நேர் கீழே தரையில் மரத்தூள் சின்னக் குவியலாகக் கிடக்கும். வயிற்றின் மேல்புறம் மயிர் இல்லாமல் எண்ணெய் தடவியது போல மின்னும். பம்பிள்பீக்கு வயிறு முழுக்க மயிர். கருவண்டில் அரசி, வேலைக்காரி என்ற ஏற்பாடு இல்லை, ஒவ்வொரு பெண்ணும் தன் துளையில் தன் குஞ்சை வளர்க்கும். பம்பிள்பீயாக இல்லாவிட்டால் என்ன, அதிர்வு வித்தை இதற்கும் தெரியும்! அகத்தி, துவரை மாதிரிப் பெரிய பூக்களுக்கும் பாஷன் பழத்துக்கும் இது அருமையான ஆள்.

இன்னொன்று நீலப்பட்டைத் தேனீ. நம் வீட்டுத் தேனீ அளவுதான், வயிற்றில் நீலமும் வெள்ளையுமாகப் பளிச்சென்ற கோடுகள். ஒரு இடத்தில் நிற்காது, பூவில் வந்து உட்கார்ந்த வேகத்தில் ஒரு சின்ன ‘ஙீ’ சத்தம், அடுத்த பூவுக்குப் போய்விடும். கத்தரிப் பாத்தியில் காலை ஏழு எட்டு மணிக்குப் பத்து நிமிடம் அசையாமல் நின்றால் அநேகமாகக் கண்ணில் படும். மண்சுவரிலும் கரை ஓரத்து மண்ணிலும் துளையிட்டு வாழும். சாயங்காலம் ஆண் தேனீக்கள் காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும். இதன் ஆஸ்திரேலிய உறவினம் ஒன்று மகரந்தப்பையில் தலையாலேயே நொடிக்குச் சுமார் 350 முறை மோதுவதை வேகக் கேமராவில் படம் பிடித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்குள் பம்பிள்பீயைக் கொண்டுவர அனுமதி இல்லை, அதனால் தக்காளிக் குடிலுக்கு இந்தத் தேனீயைப் பயன்படுத்த முடியுமா என்று அங்கே முயன்று பார்த்தார்கள்.

## சரி, என்ன செய்யலாம்

திறந்தவெளியில் தக்காளி, கத்தரி போடுகிறவர் எதையும் வாங்க வேண்டாம். காற்றும் நீலப்பட்டைத் தேனீயும் கருவண்டும் இருக்கின்றன. அவற்றை இழக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கத்தரியில் காய்த்துளைப்பானுக்குப் பயந்து காலையிலேயே மருந்து அடிப்பது பெரிய சேதம், பூவுக்குப் பூச்சி வரும் நேரமே அதுதான். அடித்தே ஆக வேண்டுமானால் பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள். தோட்டத்து ஓரத்தில் கொத்தாத, சிமென்ட் பூசாத ஒரு மண்கரையை விட்டு வையுங்கள். காய்ந்த மூங்கில் துண்டுகளைக் கணுவை ஒட்டி வெட்டி, ஒரு பக்கம் திறந்திருக்கும்படி கட்டி, மழை படாத இடத்தில் படுக்கவாட்டில் தொங்கவிட்டால் கருவண்டு உத்தரத்தை விட்டு அங்கே போக வாய்ப்புண்டு.

பாகல், வெள்ளரி, பூசணி போடுகிறவருக்கு அடுக்குத் தேனீப் பெட்டி நல்ல பலன் தரும், பக்கத்தில் பெட்டிக்காரர் இருந்தால் பூக்கும் பருவத்துக்கு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். புடலையில் அந்த வெள்ளை நூல்பூ மாலையில்தான் விரியும், அதற்கு வருவது அந்திப்பூச்சி. அங்கே தேனீப் பெட்டியை நம்பிப் பயனில்லை, அதிகாலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுவிடுவது உறுதியான வழி.

பாலித்தீன் குடில் வைத்திருப்பவர் வெள்ளரி போடுவதானால் மகரந்தம் இல்லாமலே காய்க்கும் குடில் ரகத்தை வாங்குங்கள், அதற்குத் தேனீ வந்தால்தான் காய் கோணும். தக்காளி போட்டால் செடி கட்டியிருக்கும் மேல்கம்பியைக் காலையில் பனி காய்ந்த பிறகு, அதிகபட்சம் மதியத்துக்குள், குச்சியால் தட்டிக்கொண்டே போகலாம். பூ ஈரமாக இருக்கும்போது தட்டினால் தூள் கட்டிப்பட்டு உதிராது. நிறையச் செடி இருந்தால் பேட்டரியில் ஓடும் மின் பல்துலக்கியின் பின்பக்கத்தைப் பூக்கொத்தின் காம்பில் ஒரு நொடி வைத்து எடுத்தாலும் தூள் உதிரும், இரண்டு நாளுக்கு ஒரு முறை செய்தால் போதும்.